கீழ்வீட்டு டாக்டர்

எங்கள் பி பிளாக்கின் சாக்கடைக் குழாய் பொய் சொல்லவில்லை. அது சொன்னதைக் கேட்ட மனிதர்கள்தான் கோளாறு செய்தார்கள். அந்தக் கோளாறில் எனக்கும் ஜெனிஃபாவுக்கும் குடியிருந்த வீடு போனது. அதைக்கூட மன்னித்துவிடுவேன். வயிற்றுக்குள் இருந்த ஒரு பிள்ளையின் உயிர் போகப் பார்த்ததே, அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

குழாய் பேசுமா என்று கேட்காதீர்கள். இப்போது கோயம்புத்தூரில் எல்லா அடுக்குமாடிகளிலும் அது பேசுகிறது. ஒவ்வொரு பிளாக்கின் கழிவுக் குழாயும் தெருச் சாக்கடையில் சேரும் இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. ஜனங்களாகவே கீழ்வீட்டு டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிளாக்கில் இருக்கிறவர்களின் கழிவில் என்ன கிருமி வந்தாலும் அது மோப்பம் பிடித்துவிடும். காலராவுக்காக வந்த பெட்டி டைபாய்டைக் கற்றுக்கொண்டது, பிறகு பால்வினை நோய்களையும் கற்றுக்கொண்டது. கிருமி இல்லை என்றால் பச்சை, இருந்தால் மஞ்சள். எந்த வீடு என்று மட்டும் சொல்லாது. சொல்லக்கூடாது என்று சட்டம். எந்த வீடு என்று தெரியாவிட்டால் எல்லா வீட்டுக்காரர்களும் பயந்துபோய்ப் பரிசோதித்துக்கொள்வார்கள் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள். பாவம், அவர்கள் யாரும் அபார்ட்மெண்ட்டில் குடியிருந்ததில்லை போலிருக்கிறது.

எங்கள் பிளாக்குக்கு மஞ்சள் விழுந்தது ஒரு வெள்ளிக்கிழமை. 'உங்கள் பிளாக்கில் சிபிலிஸ் கிருமி காணப்படுகிறது. வயது வந்த அனைவரும் அருகிலுள்ள சுகவாழ்வு மையத்தில் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளவும். ஊசியால் முற்றிலும் குணமாகும்.' எல்லார் கைபேசியிலும் இதே வாசகம்தான். மறுநாள் காலையில் கார் நிறுத்துமிடத்தில் சங்கக் கூட்டம் போட்டார்கள்.

செயலாளர் சண்முகவடிவேல் மோட்டார் பம்ப் கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது என்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு அவருக்கு உண்டு. அவருடைய மனைவி இந்திராணி எல்லாருக்கும் டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, எல்லாக் கூட்டங்களிலும் போலவே அன்றும் வாயைத் திறக்காமல் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"இங்க பாருங்க, இது குடும்பஸ்தங்க இருக்கற எடம். குடும்பத்துக்குள்ள இந்த மாதிரி நோவு வர்றதுக்கு வழியே இல்லீங்க. அப்பறம் எதுக்கு எல்லாரும் போயி வரிசையில நிக்கோணும்? பேச்சுலர் வீடு ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது. அவங்க மொதல்ல டெஸ்ட் பண்ணிட்டு வரட்டும்" என்றார் செயலாளர்.

அந்தப் பேச்சுலர் வீடு எங்களுடையது. நானும் ஜெனிஃபாவும் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருந்தோம். என் பெயர் நறுமுகை, ஊர் அறந்தாங்கி, காது கேட்கும் கருவி செய்யும் கம்பெனியில் வேலை. ஜெனிஃபா நாகர்கோவில்காரி, பிசியோதெரபிஸ்ட். அவளுக்கு ஒரு காதலன் உண்டு. அதை அவள் ஒளித்ததும் இல்லை, தம்பட்டம் அடித்ததும் இல்லை.

"மெஷின் எல்லாரையும் போகச் சொல்லுதே சார்" என்றாள் ஜெனிஃபா.

"மெஷினுக்கு என்னம்மா தெரியும்? அது எல்லாரையும் ஒண்ணாத்தான் பாக்கும்" என்றார் அவர். நல்ல இயந்திரத்துக்கு அதைவிடச் சிறந்த நற்சான்று இருக்க முடியாது. ஆனால் அவர் அதைக் குறையாகச் சொன்னார், எல்லாரும் தலையாட்டினார்கள்.

அன்று எங்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டவள் சுபிக்ஷா மட்டும்தான். இரண்டாவது மாடி. கல்யாணமாகி ஒன்றரை வருஷம், ஆறு மாதக் கர்ப்பம். கணவன் கிருத்திக் திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனியில் வேலை பார்த்தான். மாமியாரும் கூட இருந்தார். மாமியார் தூங்கும் நேரம் பார்த்து எங்கள் வீட்டுக்கு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, ஜெனிஃபா செய்யும் மீன் குழம்பைச் சுடுசோற்றில் பிசைந்து ஒரு வெட்டு வெட்டுவாள். சைவக் குடும்பம். வயிற்றுப் பிள்ளை கேட்கிறது என்பாள்.

நாங்கள் பரிசோதித்துக்கொண்டோம். இருவருக்கும் எதுவும் இல்லை. ஜெனிஃபா மூன்று மாதத்துக்கு ஒருமுறை தானாகவே போய்ப் பார்த்துக்கொள்கிறவள், அவளுடைய காதலனும் அப்படித்தான், ஆணுறை இல்லாமல் அவர்கள் பக்கத்தில்கூட போனதில்லை. அந்த பிளாக்கிலேயே ஜாக்கிரதையான வீடு எங்களுடையதுதான் என்று நான் கோயிலில் சூடம் அடித்துச் சொல்வேன்.

ஆனால் பெட்டி மஞ்சளாகவே இருந்தது. அதற்குள் குப்பைத் தொட்டியில் இருந்து இன்னொரு பூதம் கிளம்பியது. குப்பை பிரிக்கிற இடத்தில் பிரிக்காத ஆணுறைப் பொட்டலங்கள் கிடந்தனவாம். செயலாளர் அதை இடுக்கியால் பிடித்துப் படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போட்டார். கீழே ஒரே ஒரு வரி: 'இதற்கு மேலும் நான் என்ன சொல்ல?'

நோய் வராமல் இருக்க மாட்டுகிற சாமான் நோய்க்கு அத்தாட்சி ஆகிவிட்டது. குடை வைத்திருப்பவன்தான் மழையைக் கொண்டுவந்தான் என்பது போல. ஜெனிஃபா கீழே இறங்கிப் போய்க் கத்தினாள்.

"எனக்க சாமான் இல்ல சார் அது. அது சர்க்கார் ஆஸ்பத்திரியில சும்மா கொடுக்கிய பொட்டலம். நான் கடையில காசு குடுத்து வாங்குறவ, கேட்டேளா!"

இதைவிட மோசமான வாக்குமூலத்தை அவள் கொடுத்திருக்க முடியாது. பரிசோதனை முடிவைக் காட்டினோம். "ரிப்போர்ட்டை எவன் வேணாலும் அடிச்சுக்கலாம்" என்றார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரரிடம் இருந்து தகவல் வந்தது.

நாங்கள் சாமான் கட்டிக்கொண்டிருந்த வாரத்தில்தான் சுபிக்ஷாவுக்கு வளைகாப்பு. எங்களை யாரும் கூப்பிடவில்லை. அவள் மட்டும் மண்டபத்துக்குக் கிளம்பும் முன்னால், பட்டுப்புடவையும் நகையுமாக மூச்சு வாங்க மாடி ஏறி வந்து கையை நீட்டினாள்.

"அக்கா, ரெண்டு வளையல் நீங்க போட்டு உடுங்க. அங்க போனா உங்களைய உட மாட்டாங்க."

போட்டுவிட்டேன். மருதாணிக்கு நடுவே உள்ளங்கையில் பழுப்புப் புள்ளிகள் இருந்தன. மருதாணி ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். அன்று சாயங்காலமே பெற்றோர் வந்து அவளைப் பிரசவத்துக்காகக் கோபிச்செட்டிபாளையம் அழைத்துப்போனார்கள். இரண்டு நாள் கழித்து நாங்களும் போனோம், பீளமேட்டில் ஒரு பெண்கள் விடுதிக்கு.

கொஞ்ச நாளில் பி பிளாக் பச்சைக்கு மாறியது. எங்களைக் குழுவில் இருந்து நீக்க மறந்துவிட்டார்கள். அதனால் அந்தக் கொண்டாட்டம் முழுவதையும் பார்க்கும் பாக்கியம் எங்களுக்குக் கிடைத்தது. 'களை எடுத்தாச்சு' என்று எழுதியிருந்தார் செயலாளர். அதற்கு எத்தனை கைதட்டல்கள்! எங்கள் பெயரும் படமும் மற்ற அபார்ட்மெண்ட் குழுக்களுக்கும் போயின. ஜெனிஃபாவின் காதலன் வீட்டுக்கும் அது போய்ச் சேர்ந்தது. அவனுடைய அம்மா, இந்தப் பெண் வேண்டாம் என்று சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

ஜெனிஃபா அழுதாள். நான் அழவில்லை, எனக்குக் கோபம்தான் வந்தது. கோபத்தில் யோசித்தேன். எங்களிடம் நோய் இல்லை. நாங்கள் போனதால் பச்சை எரிய நியாயமில்லை. அப்படியானால் அந்த வாரம் பிளாக்கை விட்டு வேறு யார் போனார்கள்?

பதில் வந்தபோது முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை ஒளிக்காமல் சொல்கிறேன். மாட்டிக்கொண்டீர்களா என்று துள்ளியது மனசு. அடுத்த மூச்சில் அந்தப் பழுப்புப் புள்ளிகள் ஞாபகம் வந்தன. மறுநாள் காலையிலேயே சுகவாழ்வு மையத்துக்கு ஓடினேன்.

சுகவாழ்வு மையத்து டாக்டர் ரெபேக்கா பெயர் எதையும் கேட்காமல் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"கர்ப்பமானதும் மூணாவது மாசம் எல்லாருக்கும் ரத்தம் பார்த்துடுவாங்களே டாக்டர்?"

"பார்ப்பாங்க. அதுல ஒண்ணுமில்லைன்னு வந்திருக்கும். அதுக்கு அப்புறம் புருஷன் மூலமா வந்தா? மறுபடி பார்க்கணும்னு நாங்க சொல்றோம். 'அதான் ஒரு தடவை பார்த்தாச்சே'ன்னு பாதிப் பேர் வர்றதில்ல."

"ஆனா புருஷன் அதே பிளாக்லதான் இருக்கான். பச்சை எரியுதே?"

"அவன் திருட்டுத்தனமா எங்கேயாவது ஊசி போட்டுட்டு வந்திருக்கலாம். ஆரம்பத்துலேயே போட்டா ஒரே ஊசியில முடிஞ்சிடும். பொண்டாட்டியையும் கூட்டிட்டு வாங்கன்னு கெஞ்சுவோம். 'சரிங்க டாக்டர்'னு போவாங்க, வர மாட்டாங்க. இல்லைன்னா கிருமி உடம்புக்குள்ள பதுங்கியிருக்கலாம். பதுங்கிட்டா பெட்டிக்குத் தெரியாது. பச்சைன்னா நோய் இல்லைன்னு அர்த்தம் கிடையாதும்மா. பெட்டி கண்டுபிடிக்கலைன்னு மட்டும்தான் அர்த்தம்."

"பிள்ளைக்கு?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினார். "வயித்துலயே இறந்துடலாம். பிறந்தாலும் கண்ணு, காது, எலும்பு எதுலயும் கை வைக்கும். ஆனா பிரசவத்துக்கு ஒரு மாசமாவது முன்னாடி தாய்க்குப் பென்சிலின் போட்டுட்டா பெரும்பாலும் பிள்ளையைக் காப்பாத்திடலாம். நேரம் இருக்கு. ரொம்ப இல்ல."

"நீங்க அவளுக்கு ஃபோன் பண்ணிச் சொல்ல முடியாதா?"

"உங்க ஊகத்தை வச்சுக்கிட்டு நான் யாருக்கும் ஃபோன் பண்ண முடியாது. நீங்க சிநேகிதி. நீங்க போகலாம்."

விடுதிக்கு வந்து ஜெனிஃபாவிடம் சொன்னேன். அவள் கைபேசியை எடுத்துவிட்டாள்.

"குழுவுல போடட்டா? அந்த வாரம் போனது நாங்க மட்டுமில்ல, யோசிச்சுப் பாருங்கன்னு ஒரு வரி. ஒரே வரி, முகை. எனக்க கல்யாணமே நிக்குது, பாத்தியா!"

அவள் பக்கம் நியாயம் இருந்தது. ஒரே வரியில் எங்கள் பெயர் வெளுத்துவிடும். அந்த வரியைப் படித்ததும் சுபிக்ஷாவின் மாமியார் என்ன சொல்வார் என்பதும் எங்களுக்குத் தெரிந்தே இருந்தது. எங்களையாவது வீட்டை விட்டுத்தான் விரட்டினார்கள். ஜெனிஃபா கைபேசியில் அந்த வரியைத் தட்டினாள், அனுப்பாமல் அழித்தாள். பிறகு மெத்தை மேல் எறிந்துவிட்டு, "போ. போயிட்டு வா. மீன் குழம்பு வைக்கியேன், கொண்டு போ" என்றாள்.

சுபிக்ஷாவின் எண்ணுக்குப் பேசினால் அவளுடைய அம்மாதான் எடுத்தார். அதனால் நேரிலேயே போனேன். ஓட்டுநர் இல்லாத பஸ் என்றாலும் கண்டக்டர் இருந்தார். ஏறுகிறவர்களைத் திட்டுவதற்கு இன்னும் எந்த இயந்திரமும் வரவில்லை. கோபியில் வீட்டு வாசலில் அவளுடைய அம்மா முகம் மலர வரவேற்று, மோர் கொடுத்து, மகளோடு தனியாக விட்டுவிட்டு மாட்டுக்குத் தீனி வைக்கப் போனார். எங்கள் கதை கோபிவரை வந்திருக்கவில்லை.

எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் வந்த வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"சுபி, நீ ரத்தம் மறுபடி பார்க்கணும். அந்த மஞ்சள்... அது நீயா இருக்கலாம்."

கோபப்படுவாள், அழுவாள், வெளியே போ என்பாள் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அவள் எதுவும் செய்யவில்லை. கட்டில் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியுங்க்கா" என்றாள்.

"என்னது?"

"தெரியும்னா... தெரியாது. ஆனா தெரியும். எனக்கு அஞ்சாம் மாசம் இருக்கயில அவரு திருப்பூர்லயே ஒரு ஊசி போட்டுட்டு வந்தாரு. என்னன்னு கேட்டா நாய் பொறாண்டிருச்சுன்னாரு. நாய்க்கடிக்கு ஒரே ஊசியோட உட்டுருவாங்களாக்கா? மஞ்ச எரிஞ்சதும் பயந்துட்டு நானு நர்சம்மாகிட்ட போனேன். வேற ஒண்ணும் சொல்லல, கூச்சமா இருந்துச்சு. அந்தப் பொட்டலம் மட்டும் கேட்டு வாங்கிட்டு வந்தேன். அவருகிட்ட, குழந்தைக்கு நல்லதுன்னு நர்ஸ் சொன்னாங்கன்னு பொய் சொல்லித்தான் கொடுத்தேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"'கட்டுன பொண்டாட்டிகிட்டயே இது எதுக்கு? என்னைய என்னன்னு நெனச்ச?'ன்னாரு. அப்படியே தூக்கி ஜன்னல்ல வீசிட்டாரு. கீழ, குப்பை பிரிக்கற எடத்துல போயி உழுந்துருச்சு." அவள் கை வளையலைத் திருகினாள். "அந்தப் படத்தைக் குழுவுல போட்டாங்கல்ல, நானும் பார்த்தேன். எதுத்து ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தைரியம் வரல. உங்க ரெண்டு பேரையும் தொரத்தும்போது ஜன்னல்கிட்டதான் நின்னுட்டிருந்தேன். அதனாலதான் அன்னைக்கு உங்க கையால வளையல் போட்டுக்கோணும்னு வந்தேன். என்னைய அடிங்க்கா."

எனக்கு அடிக்கத்தான் தோன்றியது. ஒரு நொடி. அப்புறம் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். வீட்டில் பூட்டி வைத்த நகை மாதிரி பத்திரமாக இருக்கிறாள் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே ஒரு தடவை கை நீட்டினாள். அதைக் கேட்டதே குற்றமாகிவிட்டது. வெளியில் சுற்றுகிற ஜெனிஃபாவுக்கு இருந்த பாதுகாப்பு, வீட்டுக்குள் இருந்த இவளுக்கு இல்லை.

"அடிக்கறதெல்லாம் அப்புறம். செருப்பைப் போடு" என்றேன்.

கோபி அரசு மருத்துவமனையில் ரத்தம் கொடுத்தாள். முடிவு அன்றைக்கே வந்துவிட்டது. நோய் இருந்தது. முதல் ஊசியை அங்கேயே போட்டார்கள், வாரம் ஒன்றாக இன்னும் இரண்டு. ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டே, "பிரசவம் முடியட்டுங்க்கா. அது வரைக்கும் யாருக்கும் சொல்லாதீங்க. அப்பறம் நானே சொல்றேன்" என்றாள். சரி என்றேன். ஜெனிஃபாவும் பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றாள். அந்த நாட்களில் எங்களுக்கு வீடு கொடுக்க மறுத்தவர்களிடம் எல்லாம் வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தோம். ஜெனிஃபாவின் காதலன், பாவம், அவன் மட்டும் தன் அம்மாவோடு தினமும் மல்லுக்கட்டினான்.

பெண் குழந்தை பிறந்தது. ஓர் ஆண்டுக்கு அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும் என்றார்கள். மற்றபடி கண் தெரிகிறது, காது கேட்கிறது, பசித்தால் தெருவே அதிரும்படி கத்துகிறது. காதுக் கருவி கம்பெனியில் வேலை பார்ப்பவள் சொல்கிறேன், அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. விஷயம் தெரிந்ததும் கிருத்திக் முதலில் தாம்தூம் என்று குதித்தான், பிறகு மாமனார் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதான். அவனோடு திரும்பிப் போவதா என்று சுபிக்ஷா இன்னும் முடிவு செய்யவில்லை. நான் கேட்பதும் இல்லை.

தீட்டு கழிந்த மறுநாள் பி பிளாக் குழுவுக்கு அவளுடைய குரல் பதிவு வந்தது.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. ரெண்டாவது மாடி சுபிக்ஷா பேசறேன். நம்ம பிளாக்குல இருந்த நோவு என்கிட்டத்தானுங்க இருந்துச்சு. மூணாவது மாடி அக்காங்ககிட்ட இல்லீங்க. நான் எங்கயும் போகலீங்க, வீட்டுக்குள்ளயேதான் இருந்தேன். என்னைய மாதிரி வீட்டுக்குள்ளயே இருக்கறவங்க தயவுசெஞ்சு போயி ரத்தம் பாத்துக்கங்க. பச்சை எரியுதுன்னு உக்காந்துக்காதீங்க. கிருமி பதுங்கிட்டா அதுக்குத் தெரியாதுங்களாம். என்ர புள்ள நல்லா இருக்குதுங்க."

யாரும் பதில் எழுதவில்லை. இரண்டு பேர் குழுவை விட்டு வெளியேறினார்கள். ஒருவர் காலை வணக்கம் என்று ரோஜாப்பூ படம் போட்டார். செயலாளர், இனி நிர்வாகிகள் மட்டுமே எழுதலாம் என்று குழுவைப் பூட்டிவிட்டார். அவ்வளவுதானா என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

அன்று மாலை தெரியாத எண்ணில் இருந்து அழைப்பு வந்தது. குக்கர் விசில் சத்தத்துக்கு நடுவே ஒரு மெல்லிய குரல் கேட்டது.

"கண்ணு, நான் செயலாளர் வூட்டுல இந்திராணி பேசறேன். அந்த மையம் எங்க இருக்குது? எந்த பஸ்ல போகோணும்?"

சொன்னேன். பெயர் எழுத வேண்டாம், எண் கொடுப்பார்கள், யாருக்கும் தகவல் போகாது என்றும் சொன்னேன். கொஞ்சம் தயங்கிக் கேட்டார்.

"நான் மட்டும் போனா ஆகாதா?"

"ரெண்டு பேரும் போகணும்மா. ஒருத்தர் மட்டும் பார்த்துக்கிட்டா பிரயோஜனமில்ல."

"நான் எப்படிக் கண்ணு அவருகிட்டக் கேப்பேன்? கேட்டா அவரைச் சந்தேகப்படறேன்னு ஆயிரும். இல்லாட்டி அவரு என்னையச் சந்தேகப்படுவாரு. இத்தன வருஷம் குடும்பம் நடத்திட்டு இதென்ன பேச்சுன்னு ஆயிரும். நீ சொல்லு சாமி. உன்னையத்தான் ஏற்கெனவே கெட்டவன்னு முடிவு பண்ணிட்டாங்கல்ல, உனக்கு இனிப் போறதுக்கு என்ன இருக்குது?"

குத்திக்காட்டிச் சொல்லவில்லை அவர். நிஜமாகவே உதவிதான் கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. நாலு தடவை எண்ணைப் போட்டு அழித்து, கடைசியில் செயலாளரை அழைத்தேன்.

"நறுமுகை பேசறேன் சார். பி பிளாக்ல குடியிருந்தேன்."

அவர் வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. மனப்பாடம் செய்ததைப் போல மடமடவென்று ஒப்பித்தேன். சுகவாழ்வு மையம், காலை எட்டு மணி, இலவசம், யாருக்கும் தெரியாது, நீங்களும் அம்மாவும் சேர்ந்தே போய்விட்டு வாருங்கள். திட்டு விழப்போகிறது என்று கைபேசியைக் காதில் இருந்து கொஞ்சம் விலக்கிப் பிடித்தேன்.

அவர் எழுந்து நடப்பது கேட்டது. ஒரு கதவு சாத்தப்பட்டது. பிறகு, கூட்டத்தில் முழங்கிய அந்தக் குரல், எனக்கே சரியாகக் கேட்காத அளவுக்குத் தணிந்து வந்தது.

"ஏம்மா... வூட்டுல தெரியாம நான் மட்டும் போனா ஆகாதா?"

"ரெண்டு பேரும்தான் போகணும் சார்" என்றேன்.